அடாப்டரின் பின் பொருந்தினால் போதாது: யூஎஸ்பி ஹப்புக்கு என்று தந்தது 12 வோல்ட்

மட்டக்களப்பு டவுனில் யூஎஸ்பி ஹப் (லப்டொப்பின் ஒரு யூஎஸ்பி துவாரத்தை, அதாவது போர்ட்டை, பலவாக்கும் கருவி) வாங்கும்போது, "பெட்டிக்குள்ள அடாப்டர் வாறல்ல, இந்தாங்க, இதப் போடுங்க" என்று கடைக்காரர் லாச்சிக்குள்ளிருந்து ஒன்றை எடுத்துத் தந்தால், அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோய்ச் செருகிவிடாதீர்கள். முதலில் அதைத் திருப்பி, அடியில் எழுதியிருப்பதை வாசியுங்கள். நான் வாசிக்கவில்லை. ஒரு ஜொய்ஸ்டிக், ஒரு த்ரொட்டில் (எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிடி), ஒரு மவுஸ், லப்டொப்பின் இடப்பக்க இரண்டு போர்ட், எல்லாம் சில விநாடிகளில் போய்விட்டன.

நடந்ததை முழுவதுமாகச் சொல்கிறேன். கம்பியூட்டரில் விமானம் ஓட்டும் சிமுலேட்டர் விளையாடும் பிள்ளைகள் இப்போது எங்கள் பக்கத்திலும் பலர் இருக்கிறார்கள். எல்லாருக்கும் கட்டாயம் ஒரு ஹப் தேவைப்படும், எல்லாரும் அதே கடைத்தெருவுக்குத்தான் போகப்போகிறார்கள்.

தங்கையின் மகனும் நானும் இரண்டு வருடமாக மைக்ரோசொஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் பறக்கிறோம். சனி, ஞாயிறு பின்னேரங்களில் கல்லடியில் எங்கள் வீட்டு முன்னறைதான் விமானி அறை. ஜொய்ஸ்டிக்கும் த்ரொட்டிலும் மச்சான் டோஹாவிலிருந்து லீவில் வந்தபோது சூட்கேஸில் துணிக்கு நடுவில் சுற்றிக்கொண்டு வந்தவை. விமானத்தைத் திருப்பும் கால் பெடல் கொழும்பில் ஒருவரிடம் செக்கண்ட் ஹேண்டாக வாங்கியது. பட்டன் பெட்டி ஒன்றை மருமகனே ஆர்டுயினோ என்ற சின்ன சர்க்கிட் போர்டை வைத்துச் செய்தான். லேண்டிங் கியர், லைட், ஃப்ளாப் எல்லாவற்றுக்கும் சுவிட்ச் வைத்து, எழுத்தெல்லாம் வெள்ளைப் பெயின்டால் எழுதியிருந்தான். லப்டொப்பில் இருப்பது மூன்றே மூன்று போர்ட். அதில் ஒன்று கூலிங் பேடுக்கு, ஒன்று மவுஸுக்கு. எங்கள் வெக்கைக்குக் கூலிங் பேட் இல்லாமல் லப்டொப் அரை மணி நேரம் தாங்காது. மிச்சமிருந்த ஒன்றில் 900 ரூபாவுக்கு வாங்கிய சின்ன நாலு போர்ட் ஹப் ஒன்றைக் குத்தி, மற்ற எல்லாவற்றையும் அதிலேயே மாட்டியிருந்தோம்.

பிரச்சினை அங்கேதான் தொடங்கியது. இரத்மலானையிலிருந்து செஸ்னா 172 என்ற சின்ன விமானத்தைக் கிளப்பி, ஒரு மணி நேரத்துக்கு மேல் பறந்து, வாவிக்கு மேலால் தாழ்ந்து மட்டக்களப்பு ஓடுபாதைக்கு வருவோம். சக்கரம் தொடும் நேரம் பார்த்து வின்டோஸ் ஒரு சத்தம் போடும். யூஎஸ்பி கழன்றால் வருமே, மேலிருந்து கீழே இறங்குகிற அந்த இரட்டை ஒலி. "மாமா, பெடல் வேலை செய்யுதில்ல!" என்று அவன் கத்துவான். விமானம் ஓடுபாதையை விட்டு விலகிப் புல்லுக்குள் போய் நிற்கும். இரண்டு விநாடி கழித்து, ஒன்றும் நடக்காதது போலப் பெடல் திரும்பி வந்துவிடும்.

காரணம் மின்சாரம். சாதாரண யூஎஸ்பி 2.0 போர்ட் ஒன்று தரக்கூடியது 500 மில்லி அம்பியர். தனக்கென்று அடாப்டர் இல்லாத ஹப் அந்த 500ஐத்தான் பங்கு போடுகிறது. தனக்கு ஒரு பங்கை வைத்துக்கொண்டு, நாலு போர்ட்டுக்கும் தலா 100 கொடுப்பதுதான் அதன் விதிமுறைக் கணக்கு. லைட் எரிகிற த்ரொட்டிலும் பட்டன் பெட்டியும் தங்கள் பங்கைத் தாண்டி இழுக்கும்போது வோல்ட் இறங்கி, யாராவது ஒருவர் விழுந்துவிடுவார். எங்கள் வீட்டில் விழுந்தது பெடல். எனவே தனி அடாப்டர் போடக்கூடிய ஹப் ஒன்று வேண்டும் என்பது சரியான முடிவுதான். வாங்கிய இடத்தில்தான் பிழையாகிப்போனது.

கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அது நடக்கட்டும். கண்ணாடி அலுமாரிக்குள் நீலப் போர்ட் ஏழு வைத்த ஹப் ஒன்று இருந்தது. 4,500 ரூபா. பெட்டியில் 3.0 (2.0ஐ விட வேகம் கூடிய யூஎஸ்பி ரகம்) என்று பெரிதாக அடித்திருந்தது.

"இது பவர்ட் ஹப் தம்பி, எதக் குடுத்தாலும் தாங்கும். 3.0, உங்கட ஜொய்ஸ்டிக் இன்னும் ஸ்பீடா வேலை செய்யும்."

பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஹப்பும் ஒரு வயரும்தான் இருந்தன. பக்கத்தில் அடாப்டருக்கு ஒரு வட்டத் துவாரம். "அடாப்டர் இல்லையா அண்ணன்?" என்று கேட்டேன். அவர் மேசை லாச்சியை இழுத்தார். உள்ளே பழைய அடாப்டர்கள் பாம்புக்கூட்டம் போலச் சிக்கிக்கிடந்தன. ஒன்றை உருவி, துவாரத்தில் குத்திக் காட்டினார். "பாருங்க, அச்சாப் போகுது. இதுதான் இதுக்கு." உண்மையில் இறுக்கமாக, அளவெடுத்தது போலத்தான் போனது. கடையில் கரண்டில் போட்டுக் காட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. பில்லில் "ஹப் 1" என்று மட்டும் எழுதினார். வொரண்டி ஆறு மாதம் என்றது வாயால்தான்.

வீட்டுக்கு வந்து ஜொய்ஸ்டிக்கையும் த்ரொட்டிலையும் மவுஸையும் ஹப்பில் மாட்டினேன். பெடலின் வயர் எட்டாததால் அதை லப்டொப்பின் வலப்பக்கப் போர்ட்டில் போட்டேன். பட்டன் பெட்டியை மருமகன் ஒரு சுவிட்ச் மாற்ற வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தான். இந்த இரண்டும் தப்பியது அதனால்தான். ஹப்பை லப்டொப்பின் இடப்பக்கத்தில் குத்தி, கடைசியாக அடாப்டரைச் சுவரில் போட்டு சுவிட்சைத் தட்டினேன்.

ஹப்பின் நீல லைட் கண் கூசுகிற மாதிரி எரிந்தது. த்ரொட்டிலின் பச்சை லைட் ஒருமுறை பளிச்சென்று அடித்து அணைந்தது. "டக்" என்று ஒரு சின்னச் சத்தம், பிறகு எரிந்த பிளாஸ்டிக் மணம். திரையின் மூலையில், யூஎஸ்பி போர்ட்டில் அளவுக்கு மிஞ்சிய மின்சாரம் என்று வின்டோஸ் அறிவித்தது. நான் சுவரில் கையை வைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கூலிங் பேடின் விசிறியும் நின்றிருந்தது.

அடாப்டரைக் கழற்றித் திருப்பிப் பார்த்தேன். நகத்தால் தூசியைச் சுரண்டினால் அடியில் எழுத்து தெரிகிறது: வெளியீடு 12 வோல்ட், 1 அம்பியர். இன்டர்நெட் ரவுட்டர்களோடு வருகிற ரகம். சாதாரண யூஎஸ்பி போர்ட்டில் ஓட வேண்டியது 5 வோல்ட். ரவுட்டர், சிசிடிவி கமரா, ஹப், பலவற்றுக்கும் ஒரே அளவு வட்டப் பின் வைத்து விற்கிறார்கள். பின் பொருந்துவதை வைத்து வோல்ட்டைச் சொல்லவே முடியாது. இதை ஒரு கடைக்காரர் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். நாள் முழுக்க அவர் கையில் இருப்பது இந்தச் சாமான்தான்.

அடுத்த நாள் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு போனேன். முதலில், "நீங்க என்னத்தப் பிழையாச் செருகினீங்களோ தெரியா" என்றார். அடாப்டரின் அடிப்பக்கத்தைக் காட்டினேன். பார்த்தார். பிறகு சொன்னதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை: "அடாப்டர் நான் சும்மா தந்தது. பில்லில இருக்கா? இல்லையே." எரிந்த சாமானுக்கு வொரண்டி கிடையாதாம். வேண்டுமானால் இன்னொரு ஹப்பைப் பாதி விலைக்குத் தருகிறாராம். வெளியே வந்து நின்றபோது கை நடுங்கியது. மச்சான் பாலைவன வெயிலில் உழைத்த காசு அந்தப் பைக்குள் கிடந்தது.

ஆரையம்பதியில் போன் திருத்துகிற நண்பர் ஒருவர் ஹப்பைத் திறந்து காட்டினார். அடாப்டர் துவாரத்திலிருந்து வருகிற பிளஸ் கோடு நேரே ஏழு போர்ட்டின் 5 வோல்ட் கோட்டிலும், லப்டொப்புக்குப் போகிற வயரிலும் சேர்கிறது. இடையில் எதுவுமில்லை. பாதுகாப்புக்கு ஒரு சின்னப் பாகம் வைக்க போர்டில் இடம் விட்டிருக்கிறார்கள், அந்த இடத்தில் பாகத்துக்குப் பதிலாக ஒரு துளி ஈயத்தை உருக்கி இரண்டு முனையையும் ஒட்டிவைத்திருக்கிறார்கள். அதனால்தான் 12 வோல்ட் ஒரு தடையுமில்லாமல் லப்டொப் வரைக்கும் ஓடியிருக்கிறது.

இன்னொன்றையும் அவர் டோர்ச் அடித்துக் காட்டினார். உண்மையான 3.0 போர்ட்டுக்குள் ஒன்பது பின் இருக்கும்: முன்னால் நாலு, உள்ளே தள்ளி ஐந்து. எங்கள் ஏழு போர்ட்டிலும் நாலு நாலு பின்தான். பிளாஸ்டிக் மட்டும் 3.0க்கு வழக்கமான நீலம். 2.0 ஹப்புக்கு நீலச்சட்டை போட்டு 3.0 விலைக்கு விற்றிருக்கிறார்கள். இதைக் கடையிலேயே போன் லைட்டால் பார்த்துவிடலாம், நிறத்தை நம்ப வேண்டியதில்லை.

அந்த "ஸ்பீடா வேலை செய்யும்" என்ற கதையும் பொய். ஜொய்ஸ்டிக், பெடல் போன்றவற்றில் பெரும்பாலானவை விநாடிக்கு 12 மெகாபிட் என்ற பழைய வேகத்தில் ஓடுபவை. 3.0 ஹப்பில் போட்டாலும் அதன் உள்ளே இருக்கிற 2.0 பகுதியில்தான் அவை பேசும். விமானக் கருவிகளுக்கு மட்டும் என்றால் நல்ல அடாப்டரோடு வருகிற 2.0 ஹப் தாராளமாகப் போதும். அந்த விலை வித்தியாசத்தை அடாப்டரின் தரத்துக்குக் கொடுங்கள்.

வாங்குகிறவர்கள் அடாப்டர் பெட்டிக்குள்ளேயே வருகிற ஹப்பைத்தான் கேளுங்கள். அடாப்டரின் வோல்ட், ஹப்பிலோ அதன் பெட்டியிலோ எழுதியிருக்கிற வோல்ட்டாகவே இருக்க வேண்டும், பெரும்பாலும் அது 5. அம்பியரைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். 5 வோல்ட் 4 அம்பியர் போட்டால் சாமான் எரியுமா என்று மருமகனே கேட்டான். எரியாது, கருவி தனக்கு வேண்டியதை மட்டும்தான் இழுக்கும். கூடக்கூடாதது வோல்ட். அடாப்டரையும் பில்லில் தனியாக, வோல்ட்டோடு எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் அந்தச் சாமானே வேண்டாம். நான் இப்படிக் கேட்டிருந்தால் அவர் அந்த அடாப்டரை ஒருமுறையாவது திருப்பிப் பார்த்திருப்பார்.

வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் இருக்கிறவர்கள் வீட்டில் இன்னொன்றும் செய்யலாம். ஹப்பை லப்டொப்பில் குத்தாமல் அடாப்டரை மட்டும் போட்டுவிட்டு, லப்டொப்புக்குப் போகிற முனையில் ஓரத்து இரண்டு பின்னுக்கும் இடையில் அளந்து பாருங்கள். அங்கே வோல்ட் காட்டக்கூடாது. 5 காட்டினால் ஹப் மின்சாரத்தைப் பின்பக்கமாக லப்டொப்புக்குத் தள்ளுகிறது என்று அர்த்தம், சரியான அடாப்டர் போட்டாலும் அந்த ஹப் வேண்டாம்.

ஹப் வாங்கக் கிளம்ப முன் பார்க்க வேண்டிய விஷயங்களும் இருக்கின்றன. கருவி கழன்று கழன்று வருவது எப்போதும் ஹப்பின் பிழை அல்ல. வின்டோஸின் டிவைஸ் மெனேஜரில் யூஎஸ்பி ரூட் ஹப் என்று இருக்கிற ஒவ்வொன்றையும் திறந்தால், மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்தக் கருவியை நிறுத்தலாம் என்று ஒரு சரி அடையாளம் போட்டிருக்கும். அதை எடுத்துவிட்டு ஒரு நாள் பறந்து பாருங்கள். கடற்கரைப் பக்கம் இருக்கிறவர்கள் பின்களையும் பாருங்கள். கல்லடியில் உப்புக்காற்று எதையும் விட்டுவைப்பதில்லை, எங்கள் பெடலின் பின்னில் லேசாகப் பச்சை பிடித்திருந்தது. ஐசோபுரொப்பைல் அல்ககோலில் பஞ்சைத் தொட்டுத் துடைத்த பிறகு இப்போது கழலவே இல்லை. கூலிங் பேடையும் மவுஸையும் போல, விழுந்தாலும் பரவாயில்லை என்பவற்றை ஹப்பில் போடுங்கள். ஜொய்ஸ்டிக்கை லப்டொப்பில் நேரே குத்துங்கள்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு எடுத்தேன். பிறகு எழுத்திலும் கொடுத்தேன். பொருள் வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம். "பார்ப்போம், பார்ப்போம்" என்று கடைக்காரர் இழுத்தடிக்கிற நாட்களும் அந்த மூன்று மாதத்தில்தான் கழிகின்றன. பில் துண்டை, அது எவ்வளவு மொட்டையான பில்லாக இருந்தாலும், எறிந்துவிடாதீர்கள். அடாப்டரைத் தூசி துடைக்காமல் ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு பில்லோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.

அந்த லாச்சிக்குள் இன்னும் நிறைய அடாப்டர் கிடந்ததை என் கண்ணால் பார்த்தேன். அண்மையில் டவுனில் நீலப் போர்ட் ஏழு உள்ள ஹப்பும், அதோடு தனியாக ஒரு கறுப்பு அடாப்டரும் வாங்கியவர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து இன்று இரவு அதைப் போட முன் அடியைத் திருப்பிப் பாருங்கள்.