மூவாயிரத்து நானூறு ரூபாய்க்கு ஒரு கோணல் கழுத்து

கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் நின்று லென்ஸைச் சாய்க்க விடும் வளையம்தான் டில்ட் அடாப்டர். அதை மாட்டிய என் கேமராவை முதல்முறை பார்த்த அம்மா, "ஐயோ, கீழே போட்டுட்டியா?" என்றாள். அவளைக் குறை சொல்ல முடியாது. கழுத்துச் சுளுக்கு வந்த மாதிரி லென்ஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. இந்தக் கோணலுக்காகத்தான் காசு கொடுத்தேன் என்று சொன்னால் இன்னும் கோபம் வரும் என்பதால் சிரித்து வைத்தேன்.

மூன்று வருடங்களுக்கு முன் மும்பை மகாலக்ஷ்மி பாலத்தின் மேலிருந்து 'தோபி காட்' என்ற சலவைத் துறையைப் பார்த்தபோது ஆரம்பித்த ஆசை இது. வரிசை வரிசையாகச் சிமெண்ட் தொட்டிகள், கொடிகளில் ஆஸ்பத்திரி வெள்ளை, பள்ளிக்கூட நீலம், இடுப்பளவு தண்ணீரில் நின்று துணி அடிப்பவர்கள். மேலிருந்து பார்க்க அப்படியே கொலுவில் நாங்கள் வைக்கும் பார்க்! மணல் கொட்டி, கடுகும் கேழ்வரகும் முளைக்க விட்டு, கண்ணாடித் துண்டைக் குளமாக்கி, செட்டியாரையும் கிரிக்கெட் டீமையும் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்துவோமே, அது. ஆனால் வீட்டுக்கு வந்து படத்தைத் திறந்தால் வெறும் துணி துவைக்கும் இடம்தான் இருந்தது. பொம்மைத்தனம் காணாமல் போயிருந்தது.

காரணம் எளிது. கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் சின்னப் பொருளைக் கிட்டத்தில் எடுத்தால் ஒரு மெல்லிய பகுதிதான் கூர்மையாக விழும், முன்னும் பின்னும் மங்கிவிடும். அந்த மங்கலைக் கண்டால் நம் மூளை "இது சின்ன சாமான்" என்று முடிவு கட்டிவிடுகிறது. தூரத்துக் காட்சியில் அந்த மங்கல் வராது. வரவழைக்க லென்ஸைச் சாய்க்க வேண்டும். சாதாரணமாக லென்ஸும், படத்தைப் பதியும் சென்சாரும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்கின்றன. லென்ஸ் சாய்ந்தால் கூர்மை விழும் தளமும் சாய்கிறது. சென்சார் தளம், லென்ஸ் தளம், கூர்மைத் தளம் மூன்றும் நீட்டிப் பார்த்தால் ஒரே கோட்டில் சந்திக்கும். இந்த விதிக்குத் தன் பெயரைத் தந்த தியோடர் ஷைம்ப்ஃபிளக் ஆஸ்திரிய ராணுவ கேப்டன். உயரத்திலிருந்து எடுத்த படங்களின் கோணலை நிமிர்த்தி வரைபடம் போட வழி தேடி 1904-ல் காப்புரிமை வாங்கியவர். அவர் நிமிர்த்த நினைத்ததை வைத்துத்தான் நாம் ஊரைப் பொம்மையாக்கிக்கொண்டிருக்கிறோம்.

சரி, பொருளுக்கு வருகிறேன். ஃபோர்ட்டில் போரா பஜார் பக்கத்துக் கேமராக் கடை ஒன்றில் வாங்கினேன். விலை 3,400 ரூபாய். பெட்டியில் கம்பெனிப் பெயர் இல்லை, உள்ளே துண்டுச்சீட்டும் இல்லை. ஒரு பக்கம் நிக்கான் லென்ஸ் மாட்டலாம், மறுபக்கம் சோனி மிரர்லெஸ்ஸில் (உள்ளே கண்ணாடி இல்லாத கேமரா) உட்காரும். நடுவில் பந்துக் கிண்ண மூட்டு மாதிரி ஒரு அமைப்பு. எந்தத் திசையிலும் சுமார் 8 டிகிரி வரை சாய்கிறது. என் கேமரா பழைய சோனி ஏ6000. லென்ஸ் சித்தப்பா கல்யாண வீடுகளில் படம் எடுத்த காலத்து நிக்கான் 50 மி.மீ., எஃப்/1.8 (எஃப் எண் லென்ஸ் துளையின் அளவு, எண் சிறிதானால் துளை பெரிது). கண்ணாடியில் ஒரு பூஞ்சைப் புள்ளி உண்டு. படத்தில் தெரிந்ததே இல்லை.

வாங்க நினைப்பவர்கள் ஒரு கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். நிக்கானின் பழைய மவுண்டுக்கும் (லென்ஸ் மாட்டும் வாய்) சென்சாருக்கும் நடுவில் 46.5 மி.மீ. தூரம் வேண்டும். சோனி இ மவுண்டுக்கு 18 மி.மீ. போதும். மிச்சமிருக்கும் 28.5 மி.மீ. இடத்தில்தான் இந்த மூட்டை நுழைத்திருக்கிறார்கள். அதனால் இந்த மிச்ச இடமே இல்லாத, உள்ளே கண்ணாடி வைத்த நிக்கான் டி.எஸ்.எல்.ஆர். கேமரா வைத்திருப்பவருக்கு இது உதவாது. இன்னொன்று, என் கேமராவில் இருப்பது ஏ.பி.எஸ்.-சி என்ற சின்ன சென்சார். பழைய லென்ஸ் ஃபுல் ஃபிரேமுக்கு (பழைய ஃபிலிம் அளவுள்ள பெரிய சென்சார்) ஏற்ற பெரிய வட்டமாகப் படம் போடுகிறது. சாய்க்கும்போது அந்த வட்டம் நகர்ந்தாலும் சின்ன சென்சார் அதற்குள்ளேயே இருக்கிறது. முழுச் சாய்வில் ஒரு மூலை லேசாக இருள்கிறது, அவ்வளவுதான். ஃபுல் ஃபிரேம் கேமராவில் மூலைகள் கறுத்தே போகும்.

மாட்டியதும் முதல் அரைமணி நேரம் ஷட்டரே அடிக்கவில்லை. ஏமாந்துவிட்டேன் என்றே நினைத்தேன். அப்புறம்தான் மெனுவில் 'ரிலீஸ் வித்தவுட் லென்ஸ்' என்பதை எனேபிள் செய்ய வேண்டும் என்று தெரிந்தது. இந்த அடாப்டரில் மின் இணைப்பு எதுவும் கிடையாது, கேமராவைப் பொறுத்தவரை லென்ஸே மாட்டவில்லை. துளையைக் கையால் மாற்றும் அபர்ச்சர் வளையம் உள்ள லென்ஸாகவும் இருக்க வேண்டும். நிக்கானின் ஜி வகை லென்ஸ்களில் வளையம் இல்லை, வாங்கி ஏமாறாதீர்கள். ஃபோகஸ் பீக்கிங்கைப் போட்டுவிட்டால் கூர்மை விழும் பட்டை திரையில் நிறமாக மின்னுகிறது. லென்ஸைச் சாய்க்கச் சாய்க்க அந்தப் பட்டை சாலையின் மேல் ஊர்ந்து போவதைப் பார்க்க இந்தக் காசு கொடுக்கலாம், நிஜமாக.

குறைகளைச் சொல்லிவிடுகிறேன். பூட்டும் திருகு பிடிப்பதில்லை. நிக்கானின் பழைய லென்ஸ் முழுக்க உலோகம், கனம் தாங்காமல் மெல்லத் தலை தொங்குகிறது. நான் தடித்த ரப்பர் பேண்ட் இரண்டு சுற்றியிருக்கிறேன். டிகிரி அளவு எங்கும் பொறிக்கவில்லை. மகனின் ஜாமெட்ரி பாக்ஸ் பாகைமானியை வைத்து வெள்ளை நெயில் பாலிஷால் நானே கோடு போட்டேன். உட்புறக் கறுப்புச் சாயம் பளபளக்கிறது. வெயில் எதிரே இருந்தால் படம் பால் ஊற்றினது போல் வெளுத்துவிடும். டெலாங் ரோட்டில் வாங்கிய கறுப்பு வெல்வெட் பேப்பரை ஒட்டிய பிறகு பரவாயில்லை. திருகு விஷயமாகக் கடைக்காரரிடம் மறுபடி போனேன். "படம் வருதில்லே மேடம்?" என்று இந்தியில் கேட்டுவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கத் திரும்பிவிட்டார். மாற்றித் தர மாட்டார்களாம், ரசீதின் பின்பக்கம் எழுதியிருக்கிறதாம்.

இனி படம். பிற்பகல் இரண்டரை மணி வெயிலில் மறுபடி மகாலக்ஷ்மி. புகைப்படக்காரர்கள் பொதுவாக ஒதுங்கும் நேரம்தான் இதற்குச் சரியான நேரம். நிழல் கறுப்பாக, கத்தரித்த மாதிரி விழ வேண்டும், பொம்மை வீட்டுக்கு மேல் பல்பு போட்டதுபோல. எஃப்/2.8-ல் லென்ஸை வானம் பார்க்கச் சாய்த்தேன். துணிக்கொடிகளின் நடு வரிசை மட்டும் துல்லியமாக நின்றது. முன்னாலிருந்த தொட்டிகளும் பின்னாலிருந்த தகரக் கூரைகளும் கரைந்தன. தண்ணீரில் நின்றவர் செல்லுலாய்ட் பொம்மை மாதிரி ஆனார். பாலத்திலேயே நின்று சத்தமாகச் சிரித்தேன். பக்கத்தில் கரும்புச்சாறு குடித்துக்கொண்டிருந்தவர் இரண்டடி நகர்ந்துகொண்டார்.

ஆனால் பின்னாலிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் தலையும் கரைந்துவிட்டது. ஒரே தூரத்தில் நிற்கும் கட்டடத்தில் ஒரு பகுதி மட்டும் மங்கும் இந்தத் தப்பு ஃபோன் செயலிகளில்தான் வரும், நிஜ லென்ஸ் தூரம் பார்த்து மங்கலாக்கும் என்றுதான் அதுவரை கேள்விப்பட்டிருந்தேன். இது என்னை ஒரு வாரம் குடைந்தது. காகிதத்தில் கோடு போட்டுப் பார்த்ததில் விளங்கிவிட்டது. தூரக் காட்சியில் கூர்மைத் தளம் கிட்டத்தட்ட நம் பார்வைக் கோட்டின் மேலேயே படுத்துவிடுகிறது. லென்ஸுக்கு ஓரடி மேலே தொடங்கி நூறு மீட்டர் தள்ளிப் போகும் தகடு, ஏறக்குறைய பார்வைக்கு நேராகத்தானே போகும்? அதனால் அந்தப் பட்டைக்குள் இருப்பது பத்து மீட்டரில் இருந்தாலும் ஐநூறு மீட்டரில் இருந்தாலும் கூர்மைதான், பட்டைக்கு வெளியே இருப்பது மங்கல்தான். செயலி செய்வதும் இதேதான்.

சோதித்துப் பார்க்க அதே இடத்தில் சாய்க்காமல் எடுத்த படத்தில் ஸ்னாப்சீட் செயலியின் 'லென்ஸ் ப்ளர்' மங்கலைப் போட்டு, இரண்டையும் வீட்டில் நாலு பேரிடம் காட்டினேன். இரண்டு பேர் செயலிப் படத்தைத்தான் ஒரிஜினல் என்றார்கள். என் மகனும் அவர்களில் ஒருவன், பிறகு ஒரு மாதம் அதைச் சொல்லிக் காட்டினான். ஆகவே பகல் வெளிச்சத்தில் ஊரைப் பொம்மையாக்குவது மட்டும்தான் ஆசை என்றால் இந்த அடாப்டர் வேண்டாம். இலவசச் செயலி போதும். ஏ6000-க்குள்ளேயே 'மினியேச்சர்' என்று ஓர் எஃபெக்ட் இருக்கிறது, ரா (பதப்படுத்தாத) கோப்பில் எடுக்கும்போது மட்டும் வேலை செய்யாது. செயலியில் செய்தாலும் மேலிருந்து எடுங்கள், நிறத்தைக் கொஞ்சம் தூக்கிவிடுங்கள்.

இரவில்தான் லென்ஸ் ஜெயிக்கிறது. மலபார் ஹில் கமலா நேரு பூங்காவிலிருந்து மரைன் டிரைவ் விளக்குகளை எடுத்தேன். மங்கும் பகுதியில் ஒவ்வொரு விளக்கும் காசு மாதிரி வட்டமாக மலர்ந்தது, பட்டையிலிருந்து விலக விலக வட்டம் பெரிதானது. செயலியில் அதே விளக்குகள் வெண்ணெய் தடவியதுபோல் இழுபட்டன. மோனோ ரயிலையும் செம்பூர் பக்கம் எடுத்தேன். அது சாய்க்காமலே பொம்மைதான், ஒன்றும் சேர்க்க வேண்டியிருக்கவில்லை.

சாயவும் பக்கவாட்டில் நகரவும் செய்யும் நல்ல டில்ட்-ஷிஃப்ட் லென்ஸ் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டாமா? 2009-ல் வந்த கேனான் டி.எஸ்.-இ 24 மி.மீ., எஃப்/3.5 எல் இரண்டாம் பதிப்பை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, தோழியின் கேனானில் மாட்டினேன். சாய்வு 8.5 டிகிரி, நகர்வு 12 மி.மீ., எடை முக்கால் கிலோவுக்கு மேல், ஆட்டோஃபோகஸ் கிடையாது. திருகு வெண்ணெய் மாதிரி சுழன்று, விட்ட இடத்தில் நிற்கிறது. சி.எஸ்.எம்.டி. ரயில் நிலையக் கட்டடத்தை அண்ணாந்து பார்க்காமல் லென்ஸை மட்டும் மேலே நகர்த்தி எடுத்தால் கோபுரங்கள் பின்னால் சாயாமல் நிமிர்ந்து நிற்கின்றன. அதுதான் அதன் உண்மையான தொழில். ஒரு லட்சத்துக்கு மேல் விலை. ஆடிட் வேலை பார்ப்பவளுக்கு அந்தச் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியவில்லை, திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

என் கோணல் அடாப்டரைப் பரணில் போட இருந்தபோது நவராத்திரி வந்தது. லென்ஸை எதிர்த்திசையில், அதாவது தரையைப் பார்க்கச் சாய்த்தால் என்ன ஆகும் என்று தோன்றியது. 50 மி.மீ. லென்ஸை 8 டிகிரி சாய்த்தால், சென்சாருக்கு இணையாகக் கீழே சுமார் 36 செ.மீ. தள்ளி இருக்கும் தரை முழுவதையும் கூர்மையாக்க முடியும், ஃபோகஸைச் சரியாக வைத்தால். கொலுப் பார்க்கின் மணலிலிருந்து ஓரடி உயரத்தில், சற்றே குனிந்தபடி கேமராவை ஸ்டாண்டில் வைத்தேன். எஃப்/2.8-லேயே முன்னால் இருந்த கடுகு முளை முதல் கடைசி வேலி வரை ஒவ்வொன்றும் தெளிவாக விழுந்தது. சயான் நடைபாதையில் வாங்கிய பிளாஸ்டிக் லோக்கல் ரயில் நிஜத் தண்டவாளத்தில் நிற்பது போல் இருந்தது. நின்றுகொண்டிருந்த மரப்பாச்சிகளின் தலை மட்டும் தளத்துக்கு மேலே போய் மங்கியது. துளையை எஃப்/8-க்கு மூடி, ஷட்டரை ஒரு வினாடி திறந்து விட்டேன், அதுவும் சரியானது.

சின்ன சாமான் என்று காட்டிக்கொடுக்கும் மங்கல் போனதும் பார்க் ஓர் ஊராகிவிட்டது. இந்த வேலையைச் செயலி செய்து தராது. மங்கலாக்கத்தான் அதற்குத் தெரியும். நகைகள், வடாம் பிழிந்த பாய், எழுத்தாணி பட்ட ஓலை என்று படுக்கை வசத்தில் கிடக்கும் எதையாவது கிட்டத்தில் எடுப்பவர் என்றால் தயங்காமல் வாங்கலாம். ரப்பர் பேண்ட் நீங்கள்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அந்தப் படத்தை அம்மா கும்பகோணத்துப் பெரியம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். அன்று மாலையே பெரியம்மா கூப்பிட்டாள். "பம்பாயிலே இவ்வளவு பச்சையா எந்த ஸ்டேஷன்டீ இது?" அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மாட்டுங்காவுக்குப் பக்கத்துலேதான்" என்றாள்.