சிறுநீர் என்ஜிஏஎல் டெஸ்ட்: எதற்கு உதவும், எதற்கு உதவாது

இதய ஆபரேஷன் முடிந்த நோயாளியின் அழற்சியைச் சிறுநீரை வைத்தே கண்காணித்துவிடலாம் என்று நினைத்து பயோபோர்ட்டோ நிறுவனத்தின் என்ஜிஏஎல் ரீஏஜென்டை (என்ஜிஏஎல் என்ற புரதத்தை அளக்கும் வேதிக்கரைசலை) வாங்கினால் ஏமாற்றம்தான். சிறுநீரக நுண்குழாய்களுக்கு அடி பட்டிருக்கிறதா என்று பார்க்க வாங்கினால், கொடுத்த காசுக்குப் பழுதில்லை.

கலங்கலை அளக்கும் டர்பிடிமெட்ரி முறை என்பதால் வழக்கமான பயோகெமிஸ்ட்ரி அனலைசரிலேயே ஓட்டலாம். தனி மீட்டர் தேவையில்லை. பெரிய வசதி அது. வேகமும் உண்டு. 2005இல் 71 குழந்தைகளிடம் செய்த ஆய்வில், இதய ஆபரேஷனில் பைபாஸ் (இதய-நுரையீரல் இயந்திரம்) ஓட்டியபின் 2 மணி நேரத்திலேயே, சிறுநீரகம் பாதித்தவர்களின் சிறுநீரில் என்ஜிஏஎல் ஏறிவிட்டது. சிறுநீரகம் வடிகட்டும் கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் ஏற 1 முதல் 3 நாள் பிடித்தது. அமெரிக்காவில் 2023 டிசம்பரில் இந்த டெஸ்டுக்கு அனுமதி கிடைத்ததும் குழந்தைகள், இளையோருக்குத்தான்.

அழற்சி என்று வரும்போதுதான் சிக்கல். என்ஜிஏஎல்லை நுண்குழாய் செல்லும் விடுகிறது, நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுவும் விடுகிறது. முன்னது பெரும்பாலும் 25 கிலோடால்டன் எடையுள்ள ஒற்றை மூலக்கூறு, பின்னது 45 கிலோடால்டன் இரட்டை. இந்த ரீஏஜென்ட் இரண்டையும் ஒரே எண்ணாகச் சேர்த்துத் தந்துவிடும். சிறுநீர் வடிய வைத்த கதீட்டர் குழாயால் சிறுநீர்த்தொற்று வந்திருந்தால், சிறுநீரகம் நன்றாக இருந்தும் எண் எகிறும். அதனால் கூடவே டிப்ஸ்டிக்கில் (சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் பட்டை) வெள்ளணு எஸ்டரேஸையும் (வெள்ளணு இருப்பதைக் காட்டும் நொதி) பார்க்காமல் ரிப்போர்ட் போடக் கூடாது. உடல் முழுக்க உள்ள அழற்சிக்கு ரத்தத்தில் ஐஎல்-6, சிஆர்பி என்ற அழற்சிப் புரதங்களைப் பார்ப்பதே முறை. முன்னது சில மணி நேரத்தில் உச்சம் தொடும், பின்னது இரண்டு மூன்று நாளில். சிஆர்பி பெரிய புரதம். சிறுநீரில் தேடிப் பயனில்லை.

பெரும்பாலான தவறுகள் சாம்பிள் எடுப்பதில்தான் நடக்கின்றன. யூரின் பையிலிருந்து எடுக்காதீர்கள். அதில் பல மணி நேரச் சிறுநீர் கலந்து கிடக்கும், வெள்ளணுக்கள் உடைந்து என்ஜிஏஎல்லைக் கக்கியிருக்கும். குழாயைச் சற்று நேரம் கிளாம்ப் செய்து, சாம்பிள் போர்ட்டைத் துடைத்துவிட்டு சிரிஞ்சில் எடுங்கள். உடனே சென்ட்ரிஃபியூஜில் சுற்றி மேல்நீரை மட்டும் பிரியுங்கள். கலங்கல் சாம்பிளை அப்படியே ஏற்றினால் டர்பிடிமெட்ரி ஏமாந்துபோகும். அன்றைக்கே ஓட்டுவதானால் 2–8 டிகிரி போதும். நாள்கணக்கில் வைப்பதானால் மைனஸ் 80. மைனஸ் 20இல் வைத்தால் அளவு குறைந்துகொண்டே போகும். ஆபரேஷனுக்கு முன்பே ஒரு சாம்பிள் எடுத்து வைப்பது அவசியம். நாள்பட்ட சிறுநீரக நோயாளிக்கு அடிப்படை அளவே கூடுதலாக இருக்கும்.

அடுத்தது நீர்ப்பு. சிறுநீரகம் மணிக்கு 6,000 நானோகிராம் விடுகிறது என்று வையுங்கள். சிறுநீர் 30 மில்லி வந்தால் மில்லிக்கு 200. சிறுநீரைப் பெருக்கும் ஃப்ரூஸமைட் மருந்து போட்டு 200 மில்லி வந்தால் வெறும் 30! காயம் அதேதான். பெரியவர்களுக்குப் பலரும் வைக்கும் 150 என்ற வரம்பில் முதலாமவர் சிக்குவார், இரண்டாமவர் தப்பிவிடுவார். சிறுநீர்க் கிரியாட்டினினால் வகுத்தால் சரியாகிவிடும் என்பார்கள், பாதிதான் சரி. வடிகட்டல் திடீரென விழும்போது சிறுநீர்க் கிரியாட்டினினும் குறைவதால் விகிதம் பொய்யாக ஏறும். வகுத்த எண், வகுக்காத எண், அந்த மணிநேரச் சிறுநீரளவு மூன்றையும் ஒரே வரியில் எழுதினால்தான் வார்டில் இருப்பவருக்குப் புரியும்.

சிறுநீரகக் காயத்துக்கான இன்னொரு சிறுநீர் டெஸ்டான நெஃப்ரோசெக்கோடு ஒப்பிட்டால், அது டிஐஎம்பி-2, ஐஜிஎஃப்பிபி7 என்ற இரு புரதங்களின் அளவையும் பெருக்கி ஒரே மதிப்பெண்ணாகத் தருகிறது, 0.3ஐத் தாண்டினால் ஆபத்து. வெள்ளணுத் தொந்தரவு அதில் குறைவு. ஆனால் ஒவ்வொரு நோயாளிக்கும் தனி கார்ட்ரிட்ஜ், கூடவே அதற்கான கருவி. சாம்பிள் நிறைய வரும் லேபுக்கு என்ஜிஏஎல்தான் தோது.