உண்ணியும் தெள்ளும்: உப்புவெளி வீட்டில் நான்கு ஆண்டுகள்

2021 ஆடி மாதம். கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்த ஒரு பின்னேரம் விறாந்தைச் சுவரில் தொங்கிய நாட்காட்டியைக் கழற்றினேன். ஆணி அடித்த இடத்தில் பூச்சு வெடித்திருந்தது. அந்த வெடிப்புக்குள் குரக்கன் மணியிலும் சிறியதாக, மண்ணிறத்தில், நூற்றுக்கணக்கான உண்ணிக் குஞ்சுகள். விரலைக் கிட்டக் கொண்டுபோனதும் அத்தனையும் அசையத் தொடங்கின. அதற்கு முந்திய மூன்று மாதமும் நான் எங்கள் மணியின் காதையும் விரலிடுக்கையும் மட்டுமே தேடிக்கொண்டிருந்தேன். சுவரைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மணி நாட்டு நாய். சின்னி என்றொரு பூனையும் உண்டு. இரண்டும் வளவிலும் வீட்டிலும் மாறி மாறித் திரிபவை. திருகோணமலைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் உப்புவெளியில் நாய் வளர்க்கும் எவருக்கும் உண்ணி புதிதல்ல என்பதால், முதலில் அக்கம்பக்கம் சொன்னதையெல்லாம் செய்தேன். வேப்பெண்ணெய் பூசினேன். வாசம் வீட்டை நிறைத்தது, கடித்துக்கொண்டிருந்த உண்ணி கடித்தபடியே இருந்தது. உப்புத்தண்ணீர் பட்டால் விழுந்துவிடும் என்றார்கள். இரண்டு வாரம் காலையில் கடலுக்குக் கூட்டிப்போனேன். மணிக்கு அது பெருநாள், உண்ணிக்கு ஒன்றுமே ஆகவில்லை. உண்ணி தண்ணீருக்குள் பல மணிநேரம் மூச்சடங்கிக் கிடக்கக்கூடியது. மண்ணெண்ணெய் தடவச் சொன்னவர்களும் உண்டு. அதைச் செய்யவில்லை, யாரும் செய்ய வேண்டாம். தோல் வெந்துவிடும், நாய் நக்கினால் வயிற்றுக்குள்ளும் போகும்.

அடுத்தது முதுகில் சொட்டுவிடும் பிப்ரோனில் மருந்து. முதல் மாதம் பலனே இல்லை. தவறு என்னுடையது. மருந்து விட்ட மறுநாளே மணியைக் கடலில் குளிப்பாட்டி, வீட்டில் ஷாம்பூவும் போட்டேன். அது தோலின் எண்ணெய்ப்பசையோடு உடம்பெங்கும் பரவ வேண்டிய மருந்து. முன்னும் பின்னும் இரண்டு நாளாவது குளிக்க வார்க்கக் கூடாது. அடுத்த மாதம் அப்படியே செய்தபோது உண்ணி நன்றாகக் குறைந்தது.

ஆனால் அதற்குள் மணி படுத்துவிட்டான். ஆவணியில் ஒருநாள் மீன் தலையைக் கூட முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்தான். உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெளுத்திருந்தது. சிறுநீர் தேயிலைச் சாயம் போல் போனது. இரத்தத்தை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பார்த்த மிருக வைத்தியர் பபேசியா என்றார். உண்ணி கடிக்கும்போது இரத்தத்துக்குள் புகுந்து செங்குருதிக் கலங்களை உடைக்கும் ஒட்டுண்ணி அது. மணி எழுந்து நடக்க மூன்று வாரம் ஆனது. நாய் ஒருநாள் சாப்பிடாமல் இருந்தால் ஈறைப் பாருங்கள். வெளுத்திருந்தால் அன்றைக்கே கொண்டுபோங்கள்.

நாட்காட்டிக்குப் பின்னால் கண்டதை அந்த வைத்தியரிடம் சொன்னேன். திருகோணமலைக் கோட்டைப் பக்கத்து மான்கள் நகருக்குள் வந்து போவதால்தான் உண்ணி என்று எங்கள் ஒழுங்கையில் பலர் நம்புகிறார்கள், அதையும் கேட்டேன். அவர் தலையாட்டி மறுத்தார். வீட்டுக்குள் பெருகுவது நாயையே நம்பி வாழும் மண்ணிற நாய் உண்ணி. குஞ்சு ஒருமுறை, இளசு ஒருமுறை, முற்றியது ஒருமுறை என்று மூன்று தடவை நாயில் ஏறி இரத்தம் குடிக்கிறது. ஒவ்வொரு தடவையும் இறங்கிப்போய்ச் சுவரிலோ கட்டில் மூட்டிலோ ஒளிந்து தோல் கழற்றுகிறது. ஆமணக்கங்கொட்டை போல் ஊதிய பெண் உண்ணி மேல்நோக்கி ஏறி, வெடிப்புக்குள் நாலாயிரம் முட்டை வரை இடும். குஞ்சும் இளசும் முற்றியதும் இரத்தம் கிடைக்காமலே பல மாதம் காத்திருக்கும். இதைக் கேட்ட பிறகுதான் ஒரு மாதம் மருந்து போட்டு, குறைந்ததும் நிறுத்திவிடும் என் பழக்கம் எவ்வளவு பிழையென்று விளங்கியது.

விறாந்தை வெடிப்புகளையெல்லாம் சீமெந்து வைத்து அடைத்தோம். இரவில் டோர்ச் அடித்துச் சுவர், கூரை விளிம்பு, கதவு நிலை என்று தேடினோம். அகப்பட்டதைச் சவர்க்காரத் தண்ணீர்ப் போத்தலுக்குள் போட்டோம், நசுக்கவில்லை. நாயில் ஒட்டியிருப்பதைச் சிறு இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். நெருப்பால் சுடுவது வீண் வேலை.

மணிக்குப் புளூரலனர் மாத்திரை தொடங்கினேன். நான்கு ஆண்டில் நான் பாவித்தவற்றுள் இதுதான் முதலிடம். ஒன்று பன்னிரண்டு வாரம் தாங்கும், கடலில் குளித்தாலும் போகாது, சாப்பாட்டோடு கொடுத்தால் போதும். விலை ஒரே தடவையில் கையைக் கடிக்கும். மூன்று மாதத்து ஷாம்பூ, பவுடர், கழுத்துப்பட்டி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தபோது எனக்கு நட்டமில்லை. ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு தொடங்குங்கள். இது உண்ணியை அண்டவிடாமல் விரட்டும் மருந்தல்ல. உண்ணி கடிக்க வேண்டும், கடித்த பிறகுதான் சாகும். அதனால் முதல் வாரங்களில் நாயில் உண்ணியைக் கண்டு மருந்து பிழை என்று முடிவெடுக்க வேண்டாம். வலிப்பு உள்ள நாய் என்றால் வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இந்த வகை மருந்துகள் சில விலங்குகளில் நடுக்கம், வலிப்பு உண்டாக்கலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018இல் எச்சரித்திருக்கிறது. மணிக்கு முதல் மாத்திரை அன்று ஒருமுறை வாந்தி, அதன்பின் எதுவும் இல்லை.

உண்ணி அடங்கியது, தெள்ளு வந்தது. 2022 மார்கழியில் மாரி மழையின் நடுவே மூன்று வாரம் வவுனியாவுக்குப் போயிருந்தோம். மணியும் சின்னியும் மாமி வீட்டில். திரும்பி வந்து கதவைத் திறந்து உள்ளே நாலு அடி வைத்திருப்பேன், கணுக்கால் எரிந்தது. மகளின் வெள்ளைக் காலுறையில் மிளகுத்தூள் தூவியது போல் கறுப்புப் புள்ளிகள், அவை துள்ளின. நாயும் பூனையும் இல்லாத பூட்டிய வீட்டில்! தெள்ளு கூட்டுப்புழுவாகக் கூட்டுக்குள் மாதக்கணக்கில் கிடக்கும் என்றும், காலடி அதிர்வும் உடற்சூடும் மூச்சுக்காற்றும் பட்டதும் ஒன்றாக வெளியே வரும் என்றும் பிறகு அறிந்தேன். எங்கள் காலடிக்காக அவை காத்திருந்தன.

பெண் தெள்ளு ஒரு நாளைக்கு நாற்பது முட்டைக்கு மேல் இடும். முட்டை உரோமத்தில் ஒட்டாமல் உதிர்ந்து, விலங்கு படுக்கும் இடமெங்கும் சிந்தும். நம் கண்ணுக்குத் தெரியும் பெரிய தெள்ளு மொத்தத்தில் நூற்றுக்கு ஐந்துதான் என்பது பரவலான கணக்கு. மிச்சம் மெத்தை மடிப்பிலும் தரை இடுக்கிலும் கிடக்கிறது. புழுவுக்கு ஈரமும் நிழலும் வேண்டும், வெயிலில் காய்ந்து சாகும். மழை விட்ட ஒவ்வொரு நாளும் படுக்கை விரிப்புகளைக் கொதிநீரில் அலசி வெயிலில் போட்டேன். தூசியிழுக்கும் இயந்திரம் ஒன்றை இரவல் வாங்கி, நாளும் கட்டிலுக்கடியில் இழுத்து, பையை உடனே வெளியே கொட்டினேன். முழுதாக ஓய இரண்டரை மாதம் எடுத்தது. நடுவில் இரண்டாவது அலையும் வந்தது. கூட்டுக்குள் இருப்பதை மருந்து தொடாது என்பதால் அது வந்தே தீரும், மனம் தளரக் கூடாது.

தெள்ளா, வெறும் அழுக்கா என்ற சந்தேகத்துக்கு எளிய வழி உண்டு. உரோமத்தைச் சீவி, விழும் கறுப்புப் பொடியை நனைத்த வெள்ளைத் துணியில் வையுங்கள். சிவந்து கசிந்தால் அது தெள்ளின் எச்சம், செரித்த இரத்தம். சின்னியின் வாலடியில் அரிசிமணி போல் நெளிந்த நாடாப்புழுத் துண்டுகளைக் கண்டதும் அந்த மாதத்தில்தான். பூனை தன்னை நக்கும்போது விழுங்கும் தெள்ளு வழியாக அந்தப் புழு வருகிறது, ஆகவே குடற்புழு மருந்தும் கொடுத்தோம்.

பூனை வைத்திருப்பவர்கள் இதைத் தயவுசெய்து கவனியுங்கள். நாய்க்கான பெர்மெத்ரின் சொட்டு மருந்தைப் பூனைக்குத் தொடவே கூடாது. அதை முறித்து வெளியேற்றும் வல்லமை பூனையின் ஈரலுக்குப் போதாது. எங்கள் ஒழுங்கையில் ஒரு அக்கா மிச்சமிருந்த பாதியைப் பூனையின் கழுத்தில் விட்டுவிட்டார். இரவு முழுக்க அது உதறி உதறி நடுங்கியது. பிழைத்தது, ஆனால் அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அமிட்ராஸ் கலந்த குளிப்பாட்டும் மருந்தும் பூனைக்கு ஆகாது.

இப்போது மணியில் உண்ணி மாதம் ஒன்றிரண்டு, அதுவும் ஊதாமல் செத்து உலர்ந்தவை. அவை வாசலில் படுக்கும் தெருநாயிடமிருந்து வருகின்றன என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு ஆண்டு பிடித்தது. போன மாசியில் அதைத் தூக்கிக்கொண்டு சந்திக் கடைக்குப் போனேன். முதலாளி தம்பி அரிசி நிறுக்கும் தராசில் சாக்கு விரித்துத் தந்தார். பதினான்கு கிலோ. பத்து முதல் இருபது கிலோ வரையான நாய்க்குரிய புளூரலனர் மாத்திரை வாங்கி, சூடை மீனுக்குள் வைத்துக் கொடுத்தேன். மென்று பார்க்காமலே விழுங்கிவிட்டது.