பட்வைசர், கிங்ஃபிஷர், கார்ல்ஸ்பெர்க்: மூணு கம்பெனி பீரும் குடிச்சு பாத்து ஒரு ரிவ்யூ

ஓசூர்ல இருக்கறவங்களுக்கு பஸ் ஏறுனா கர்நாடக எல்லையில அத்திப்பள்ளி, அங்க கடை ஃப்ரிட்ஜ்ல கிங்ஃபிஷர், ஹைனக்கன், பட்வைசர், கரோனா, ஹோகார்டன், டூபோர்க், கார்ல்ஸ்பெர்க்னு கலர் கலரா அடுக்கி வெச்சிருப்பாங்க, ஆனா நான் சொன்ன இந்த ஏழுக்கும் முதலாளி மூணே கம்பெனி தான். இது தெரிஞ்சு வாங்குனா நல்லதுன்னு தான் எழுதறேன். 21 வயசு ஆகாதவங்க இதோட நிறுத்திக்கலாம், மத்தவங்க போறதும் வர்றதும் பஸ்ல தான், பைக் எடுக்காதீங்க.

முதல்ல ஏபி இன்பெவ், உலகத்துலயே பெரிய பீர் கம்பெனி, தலைமை ஆபீஸ் பெல்ஜியத்துல லூவன். இவங்க வளந்ததே அடுத்த கம்பெனிகள வாங்கி வாங்கி தான். 2008ல பட்வைசர் கம்பெனிய 52 பில்லியன் டாலருக்கு, 2016ல சாப்மில்லர்ங்கற இன்னொரு பெரிய பீர் கம்பெனிய 100 பில்லியனுக்கும் மேல குடுத்து வாங்குனாங்க, அப்படி தான் நம்ம ஊர் ஆளுங்க கேட்டு வாங்கற ஹேவர்ட்ஸ் 5000, நாக்அவுட் எல்லாம் அவங்க கைக்கு போச்சு. பட்வைசர்ல பார்லியோட அரிசியும் சேக்கறாங்க, அதனால தான் அவ்ளோ லைட்டா இறங்குது, எனக்கு அது ரொம்பவே லைட்டு, ரெண்டாவது கிளாஸ்ல சலிச்சுடுது. கரோனாவும் ஹோகார்டனும் கூட இவங்களோடது தான், ஆனா ஹோகார்டன் வேற ரகம். கோதுமை பீர், மல்லி விதையும் ஆரஞ்சு தோலும் போட்டு காய்ச்சறது, கலங்கலா இருக்கும், 4.9 சதவீதம் தான், ஒகேனக்கல் ஸ்டைல்ல மசாலா தடவி வறுத்த மீனுக்கு இத விட நல்ல ஜோடி நான் பாக்கல. 2005ல இந்த பீர் காய்ச்சற இடத்த ஹோகார்டன் ஊர்ல இருந்தே தூக்கிட்டு போறோம்னு கம்பெனி சொல்லி, அந்த ஊர் ஜனங்க கொதிச்சு எழுந்தாங்க, 2007ல முடிவ மாத்தி அங்கயே வெச்சுட்டாங்க. இவங்க கிட்ட விலை தான் உறுத்துது.

அடுத்து ஹைனக்கன், 1864ல ஆம்ஸ்டர்டாம்ல ஆரம்பிச்சது. பெங்களூர் கம்பெனின்னு நாம நினைக்கற யுனைடெட் ப்ரூவரீஸ்ல 2021ல இருந்து பாதிக்கு மேல பங்கு இவங்களோடது, அதாவது கிங்ஃபிஷரும் இப்ப டச்சுக்காரங்க கையில தான். கிங்ஃபிஷர் பிரீமியம் பெருசா ஆச்சரியப்படுத்தாது, ஆனா எந்த ஊர்ல வாங்குனாலும் ஒரே மாதிரி இருக்கு, மிளகு போட்ட நாட்டுக்கோழி வறுவலுக்கு அதுவே போதும். ஹைனக்கன்ல கசப்பு கொஞ்சம் தூக்கலா நல்லா இருக்கு.

ஆனா மனசுக்கு பிடிச்ச கம்பெனின்னா எனக்கு கார்ல்ஸ்பெர்க் தான், 1847ல கோபன்ஹேகன்ல யாக்கப்சன்னு ஒருத்தர் தொடங்குனது, டூபோர்க்கும் இவங்களோடது தான். அந்த காலத்துல பீர புளிக்க வெக்கற ஈஸ்ட்டுல வேற கிருமி கலந்து காய்ச்சுன பீரே கெட்டு போயிடும். அவங்க லேப்ல ஹான்சன்னு ஒரு விஞ்ஞானி 1883ல நல்ல ஈஸ்ட்ட மட்டும் தனியா பிரிச்சு வளத்து காட்டுனாரு, அத பூட்டி வெச்சு காசு பாக்காம மத்த கம்பெனிகளுக்கும் குடுத்தாங்க பாருங்க, இன்னைக்கு கிங்ஃபிஷர், பட்வைசர் மாதிரி லாகர் பீர் எங்க குடிச்சாலும் அந்த கண்டுபிடிப்புக்கு அதுல பங்கு இருக்கு. பள்ளிக்கூடத்துல கெமிஸ்ட்ரியில படிச்ச பிஹெச் அளவு கூட 1909ல அதே லேப்ல சோரன்சன் கொண்டு வந்தது தான்.

அதுக்காக இவங்க எல்லாம் உத்தமங்கன்னு சொல்லல. விலைய கூட்டு சேந்து பேசி வெச்சாங்கன்னு 2021ல கம்பெனிகளுக்குள்ள நியாயமான போட்டி இருக்கான்னு பாக்கற நம்ம காம்படிஷன் கமிஷன் யுனைடெட் ப்ரூவரீஸ், கார்ல்ஸ்பெர்க் இந்தியா ரெண்டுக்கும் முக்கியமா சேத்து 870 கோடிக்கு மேல அபராதம் போட்டுச்சு, ஏபி இன்பெவ் முதல்லயே போய் ஆதாரம் குடுத்ததால அவங்களுக்கு மட்டும் அபராதம் முழுசா தள்ளுபடி. குடிக்கறவன் பாக்கெட்ல இருந்து போன காசு அது, எனக்கு இன்னும் கோவம் தீரல.

வாங்கறப்ப ஒன்னு கவனிங்க. பச்சை பாட்டில்ல வெளிச்சம் உள்ள போகும், கரோனா மாதிரி வெள்ளை பாட்டில்னா இன்னும் மோசம், வெளிச்சம் பட்டா பீருக்கு கசப்பு குடுக்கற ஹாப்ஸ் பூவோட சத்து மாறி ஒரு கெட்ட வாடை வந்துடும். அதனால டூபோர்க், ஹைனக்கன் எல்லாம் ஷோவுக்கு வெயில் படற இடத்துல வெச்சிருந்தா வேண்டாம்னு சொல்லி, உள்ள அட்டைப்பெட்டியில இருக்கறத எடுத்து தர சொல்லுங்க, இல்லன்னா டின்னு வாங்கிக்கோங்க.