நாய்க்கு ஆண்டு ஊசி: ஒரே நாளில் எல்லாமா, பிரித்துப் போடுவதா?

நாலு வருஷத்துக்கு முன்னால், ஒரு புரட்டாசி மாதம். எங்கள் பக் நாய் மீனுவுக்குக் கும்பகோணத்தில் ரேபீஸ் ஊசியையும், டிஸ்டெம்பர், பார்வோ என்ற வைரஸ் நோய்களோடு எலிக்காய்ச்சலையும் சேர்த்துத் தடுக்கும் செவன் இன் ஒன் கூட்டு ஊசியையும் ஒரே நேரத்தில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் வலங்கைமான் திரும்பிக்கொண்டிருந்தோம். அரசலாற்றுப் பாலம் தாண்டியதும் மகள், "அப்பா, மீனு மூஞ்சியப் பாருங்களேன்" என்றாள். இரண்டு இமையும் வீங்கிக் கண் வெறும் கோடாகியிருந்தது. மேலுதடு தடித்துத் தொங்கியது. முடி குறைந்த அடிவயிற்றில் வட்ட வட்டமாகத் தடிப்பு. முன்காலால் முகத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. அப்படியே ஆட்டோவைத் திருப்பினோம். அலர்ஜிக்கு ஊசி போட்ட பிறகு ஒரு மணி நேரத்தில் வீக்கம் வடியத் தொடங்கியது.

அன்று இரவே தெருவில் பேச்சு: "இனிமே ஊசியே வேணாம்பா." எதிர்வீட்டு மாமா சொன்னது வேறு: "எலிக்காய்ச்சல் ஊசிதான் ஆகாது, அத மட்டும் விட்டுடு." மூன்றாவது வழி, எல்லாவற்றையும் போடுவது, ஆனால் நாள் பிரித்துப் போடுவது. மூன்றையும் எடைபோட்டுப் பார்க்க எனக்கு ஒரு வருஷம் ஆனது.

ஊசியே வேண்டாம் என்பதில் அலச ஒன்றுமில்லை. ரேபீஸ் அறிகுறி தெரிந்துவிட்டால் நாயும் பிழைக்காது, கடிபட்டு அறிகுறி வந்துவிட்ட மனிதரும் பிழைப்பது அரிது. பார்வோ வந்த குட்டி ரத்தமாகப் பேதி போய்க் கிடப்பதைப் பார்த்தவர்கள் இந்தப் பேச்சை எடுக்கமாட்டார்கள்.

எலிக்காய்ச்சல் ஊசியை மட்டும் விடுவது நியாயம்போலத் தோன்றும். அதில் இருப்பது கொல்லப்பட்ட பாக்டீரியா. அலர்ஜி வந்தால் பலரும் முதலில் அதைத்தான் குற்றம் சொல்வார்கள். ஆனால் நாம் இருக்கும் ஊரைப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வயலும் வாய்க்காலும் ஒன்றாகக் கிடக்கும். வரப்பு வளையில் தண்ணீர் ஏறினால் எலி களத்துக்கும் வைக்கோல் போருக்கும் வந்துவிடும். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில்தான் இந்தக் கிருமி பரவுகிறது. காலில் சிறு கீறல் இருந்தாலே உள்ளே புகும். நாயின் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், நாயின் சிறுநீர் வழியாக வீட்டு மனிதருக்கும் வரும். உலகச் சிறுபிராணி கால்நடை மருத்துவச் சங்கம் 2024-ல் புதுப்பித்த வழிகாட்டி, எலிக்காய்ச்சல் நிலவும் பகுதிகளில் இதைக் கட்டாய ஊசியாகவே சேர்த்திருக்கிறது. மாடியிலேயே வளரும் நாய்க்கு வேண்டுமானால் யோசிக்கலாம். டெல்டாவில் வரப்பில் நடக்கும் நாய்க்கு விடவே கூடாது என்பது என் முடிவு.

இதன் பாதுகாப்பு ஏறக்குறைய ஒரு வருஷம்தான். முதல் முறை என்றால் இரண்டு தவணை, நடுவே இரண்டு முதல் நான்கு வாரம். ஆகவே ஆவணியில் தொடங்கினால்தான் மழைக்கு முன் முடியும். தீபாவளிக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினால் தண்ணீர் முந்திக்கொள்ளும்.

இனி, ஒரே நாளா, பிரித்தா? 2005-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், ஊசி போட்ட 12 லட்சத்துக்கும் அதிகமான நாய்களின் பதிவுகளைப் பார்த்தார்கள். மூன்று நாளுக்குள் ஏதாவது ஒவ்வாமையோ உபாதையோ பதிவானது 10,000 நாய்க்கு சுமார் 38. பெரும் நாய்களுக்குக் குறைவு, சிறிய நாய்களுக்கு அதிகம். ஒரே வருகையில் போடும் ஊசியின் எண்ணிக்கை கூடக் கூட ஆபத்தும் கூடியது. அந்த ஏற்றமும் சிறிய நாய்களிடம்தான் செங்குத்து. பக், டாக்ஸ்ஹண்ட் போன்றவை பட்டியலின் மேலே இருந்தன. எங்கள் மீனு எட்டு கிலோ.

எங்கள் களத்தைக் காக்கும் கறுப்பன் இருபது கிலோ நாட்டு நாய். அவனுக்கு இதுவரை ஒரு தடிப்புகூட வந்ததில்லை. அவனுக்கு ஒரே நாளில் எல்லாம் போடுவதுதான் சரி. பிரித்துப் போடுவதன் பெரிய குறை இரண்டாவது ஊசி விட்டுப்போவது. குறுவை அறுப்பும் சம்பா நடவும் மோதும் நேரத்தில் மூன்று வாரம் கழித்து யார் நாயைத் தூக்கிக்கொண்டு டவுனுக்குப் போவது? பாதியில் நிற்பதைவிட ஒரே நாளில் முடிவது நல்லது. மீனு போன்ற சிறிய நாய்க்கும், முன்பே முகம் வீங்கிய நாய்க்கும் இரட்டை அலைச்சல் தகும். இன்னொரு லாபமும் உண்டு. அடுத்த வருஷம் முதலில் ரேபீஸ் மட்டும் போட்டோம்: ஒன்றுமில்லை. மூன்று வாரம் கழித்து செவன் இன் ஒன் போட்டபோது இமை லேசாகத் தடித்தது. இரண்டில் எது காரணம் என்பது அன்றுதான் தெரிந்தது.

அதன்பின் டாக்டர் ஒரு வழி சொன்னார். டிஸ்டெம்பர், பார்வோ ஊசிகள் குட்டியில் முறையாக முடிந்திருந்தால், வளர்ந்த நாய்க்கு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை போதும். நடு வருஷங்களில் செவன் இன் ஒன்னுக்குப் பதிலாக எலிக்காய்ச்சல் ஊசி மட்டும் தனியாகப் போடலாம். சின்ன நாய்தானே, பாதி டோஸ் போடுங்கள் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள், நானும் கேட்டேன். கூடாது. பாதி டோஸில் பாதுகாப்பு வருமென்று நம்ப முடியாது, அலர்ஜிக்கோ துளி மருந்தே போதும்.

எங்கே போடுவது என்பதிலும் வித்தியாசம் இருக்கிறது. செப்டம்பர் 28, உலக ரேபீஸ் தினத்தையொட்டி நடக்கும் இலவச முகாம் கறுப்பனைப் போன்ற நாய்களுக்கு மிக நல்லது. மீனுவை அந்தக் கூட்டத்தில் நிறுத்தமாட்டேன். மருந்துக்கடையில் வாங்கி, சட்டைப்பையில் வைத்து வந்து, தெரிந்தவரைக் கூப்பிட்டு வீட்டிலேயே போடுவதை எந்த நாய்க்கும் ஏற்கமாட்டேன். மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டியது. தவிர, கடும் அலர்ஜியில் நாய் சரிந்து விழுந்தால் உடனே போட வேண்டிய அட்ரினலின் மருந்து அந்த வீட்டில் இருக்காது.

அப்படி விழுவது மிக அரிது, ஆனால் வந்தால் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் வரும். நாய்களுக்கு முதலில் வயிறுதான் காட்டிக்கொடுக்கும்: திடீர் வாந்தி, பேதி, பிறகு தள்ளாட்டம், ஈறு வெளுப்பு. நிமிடங்கள்தான் கணக்கு. ஒரு நாள் சோர்வு, லேசான காய்ச்சல், ஊசி போட்ட இடத்தில் சின்னக் கட்டி ஆகியவை தானாகப் போகும்; அதற்காக நம் காய்ச்சல் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள், நாய்க்கு அது விஷமாகலாம். ஒருமுறை சரிந்து விழுந்த நாய்க்கு மறுபடி போடுவதா என்பதை டாக்டரோடு உட்கார்ந்துதான் முடிவு செய்யவேண்டும். அந்த நிலையில் பார்வோவுக்கும் டிஸ்டெம்பருக்கும் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி பார்த்து ஊசியைத் தள்ளிப்போடலாம். எலிக்காய்ச்சலுக்கு அந்தச் சோதனை உதவாது.

இந்த ஆவணியிலும் மீனுவுக்குத் தனி ஊசிதான். போட்ட பிறகு ஆஸ்பத்திரி வாசல் வேப்பமரத்தடியில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை மகள் அதன் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தாள். நாலு தடவையும் ரோஜா நிறம்.