மன்னாரா, ஊர்காவற்றுறையா?

வவுனியாவில் இருந்து ஒரு பழைய துறைமுக ஊரைப் பார்க்கக் கிளம்புபவர்கள் இந்த இரண்டுக்கும் இடையில்தான் தடுமாறுகிறார்கள். இரண்டும் தீவில் இருப்பவை, இரண்டுக்கும் தரைவழி உண்டு.

பயணம்: மன்னாருக்கு நேரே பஸ். ஊர்காவற்றுறைக்கு யாழ்ப்பாணத்தில் மாறி, பண்ணைத் தாம்போதி என்ற கடல் நடுவிலான சாலையால் போக வேண்டும்.

கோட்டை: மன்னாரில் போர்த்துக்கேயர் 1560இல் கட்டியது, 1658இல் ஒல்லாந்தர் கைக்குப் போனது. பாலம் தாண்டியதும் பக்கத்திலேயே. ஊர்காவற்றுறையின் கடற்கோட்டையோ தண்ணீர் நடுவே நிற்கிறது. கரையில் நின்று பார்ப்பதே எனக்குப் போதும்.

மன்னாரில் அப்புறம் தலைமன்னார் இருக்கிறது. தனுஷ்கோடிக்கு 1914இல் கப்பல் ஓடத் தொடங்கிய இறங்குதுறையில் இன்று துருவேறிய இரும்புத் தூண்கள்தான் மிச்சம். அலை பட்ட இடமெல்லாம் செதில் செதிலாக உரிந்து கிடக்கும். அந்தப் பக்கம் இந்தியா என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது. பள்ளிமுனைப் பெருக்கமரத்தையும் (பாவோபாப்) விட்டுவிடாதீர்கள்; அடிமரச் சுற்றளவு 19 மீற்றருக்கு மேல்.

ஊர்காவற்றுறையில் காரைநகருக்குப் போகும் ‘பாதை’ என்ற மிதவைப் படகில் ஒருதரம் ஏறுங்கள். மோட்டார் சைக்கிளும் மீன்பெட்டியும் ஆட்களும் ஒன்றாகக் கடல் கடப்பார்கள்.

ஒரே நாள்தான், பிள்ளைகளும் வயதானவர்களும் கூட வருகிறார்கள் என்றால் மன்னார். ஓர் இரவு தங்கி, நயினாதீவுக்கும் போக எண்ணம் இருந்தால் ஊர்காவற்றுறை. எங்கே போனாலும் தண்ணீர்ப் போத்தலும் தொப்பியும் கட்டாயம்.