பெடலை வாங்குவதற்கு முன் ஆம்ப்பைப் பாருங்கள்: பாம்பன் கரையில் ஒன்பது ஆண்டு அனுபவம்

எங்கள் பக்கத்தில் கிட்டார் வாசிப்பவருக்கு மேடையில் சொந்த ஆம்ப், அதாவது கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டி, இருப்பது அபூர்வம். தங்கச்சிமடத்தில் திருவிழா, மண்டபத்தில் கல்யாணக் கச்சேரி, மூக்கையூரில் பாடகர் குழு என்று எங்கே போனாலும், மைக்செட்காரர் வண்டியிலிருந்து எதை இறக்குகிறாரோ அதுதான் அன்றைய ஆம்ப். மதுரையிலிருந்து வண்டி வந்தால் ரோலண்ட் ஜாஸ் கோரஸ் இருக்கும். வேறு ஊர் வண்டியில் மார்ஷல் வரும். பல நாள் ஆம்ப்பே இருக்காது, மிக்சரில் நேராகச் செருகிக்கொள்ளச் சொல்லிவிடுவார்கள். கிட்டாரும் பெடல் பெட்டியும் மட்டும் என்னோடு பஸ்ஸில் வரும். காலால் அழுத்தினால் ஒலியைச் சிதைத்துக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ் பெடல்களைப் பற்றி இந்த ஒன்பது ஆண்டுகளில் நான் கற்றதெல்லாம் இப்படி ஆம்ப் மாறி மாறி வந்ததால் கற்றதுதான்.

முதலில் வாங்கியது பாஸ் எஸ்டி-1, மஞ்சள் நிறப் பெடல். 1981 முதல் விற்பனையில் இருக்கிறது. விலையும் மற்றவற்றை விடக் குறைவு. வீட்டில் இருந்த சின்ன டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் பொழுதெல்லாம் அதை வாசித்தேன். கரகரப்பைக் கூட்டும் டிரைவ் குமிழைக் கடிகாரத்தின் இரண்டு மணி நிலைக்கு வைத்து, ஆம்ப்பில் ஒலியின் நடுப்பகுதியான மிட்டைக் குறைத்துக்கொண்டால் அறை நிறைய ஒலிக்கும். அதே நிலையோடு முதல் கச்சேரிக்குப் போனேன். மேடையில் ஜாஸ் கோரஸ். முதல் பாட்டிலேயே கிட்டார் தேனீக்கூடு போல இரைந்தது. கீபோர்டும் ரிதம் பேடும் சேர்ந்ததும் அந்த இரைச்சல்கூடக் காணாமல் போயிற்று. பெடல்மேல் பழியைப் போட்டு இன்னொன்று வாங்கினேன். அதற்குப் பிறகு இன்னும் ஒன்று. மூன்று ஆண்டு கழித்துத்தான் பெடலைத் தனியாக எடைபோட்டதே தவறு என்று புரிந்தது. வள்ளம் கட்டும் ஆசாரி பலகையைத் தனியாகப் பார்த்து நல்லது கெட்டது சொல்லமாட்டார், பக்கத்துப் பலகையோடு சேர்த்து வைத்துத்தான் சொல்வார். பெடலும் ஆம்ப்பும் அப்படிப்பட்ட பலகைகள்.

ஜாஸ் கோரஸில் என்ன நடந்தது? ஜேசி-120 என்ற அந்த ஆம்ப் 1975இல் வந்தது, முழுக்க டிரான்சிஸ்டர். 60 வாட் வீதம் இரண்டு பெருக்கிகள், 12 அங்குல ஸ்பீக்கர்கள் இரண்டு. எவ்வளவு சத்தம் வைத்தாலும் தெளிவு குறையாது, அதுதான் அதன் பெருமை. வெற்றிடக் குழாய்களால் இயங்கும் வால்வு ஆம்ப்பில் சத்தம் ஏற ஏற ஒலியின் விளிம்புகள் தானாக மழுங்கும். இதில் மழுங்காது, பெடல் கொடுப்பதை அப்படியே கண்ணாடி போலக் காட்டிவிடும். எஸ்டி-1 போன்ற பெடல், தன் பின்னால் இருக்கும் ஆம்ப்பும் கொஞ்சம் உடைந்து ஒலிக்கும் என்று எதிர்பார்த்து நிற்பது. அந்தத் துணை இல்லாதபோது அது ஒல்லியாகத் தெரிகிறது. இப்போது ஜேசி-120ஐக் கண்டால் பிரைட் சுவிட்சை அணைத்து, மேல் ஒலியான டிரெபிளைப் பத்து மணிக்கு இறக்கிவிட்டு, ரேட் (RAT) பெடலைப் போடுகிறேன். முழுச் சிதைவையும் தானே உண்டாக்கும் பெடல் அது. ஆம்ப்பின் தயவு அதற்கு வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: ரேட்டின் ஃபில்டர் குமிழ் வலப்பக்கம் திருப்பத் திருப்ப டிரெபிளைக் குறைக்கும். டோன் குமிழ் என்று எண்ணி இடது கடைசியில் விட்டால் காது கூசும். எனக்கு ஜேசி-120இல் இரண்டு மணி நிலை பொருந்துகிறது.

இதற்கு நேர் எதிர் அனுபவம் ஃபெண்டர். சென்னையிலிருந்து வந்த நண்பர் ஒருவர் தன் டீலக்ஸ் ரிவர்பை ஒரு கிறிஸ்துமஸ் வாரம் முழுவதும் எங்கள் பாடகர் குழுவுக்குக் கொடுத்தார். 22 வாட், ஒரே ஸ்பீக்கர். மிட்டுக்கு அதில் குமிழே கிடையாது, கீழ் ஒலிக்கான பேஸும் டிரெபிளும் மட்டும்தான். அந்த வகை ஃபெண்டர் ஆம்ப்புகளின் டோன் சுற்று, ஒலியின் நடுப்பகுதியை இயல்பிலேயே பள்ளமாக்கும். தனியாக வாசித்தால் அந்தப் பள்ளம் அழகு; குழுவோடு வாசிக்கும்போது கிட்டார் அதற்குள் விழுந்துவிடும். அன்று கையில் இருந்தது ஐபனீஸ் டியூப் ஸ்கிரீமர் டிஎஸ்9. அதன் சிதைவுப் பகுதியில் சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெருக்கம் படிப்படியாகக் குறைந்துவிடும். அதற்குப் பிறகு வரும் டோன் சுற்று உச்சியை மழுக்கும். மிஞ்சுவது நடுவில் ஒரு மேடு. ஆம்ப்பில் எங்கே பள்ளமோ அங்கே பெடலில் மேடு. பெடலைக் காலால் அழுத்தியதும் கீபோர்டுக்கும் குரலுக்கும் நடுவில் கிட்டாருக்கென்று ஓர் இடம் திறந்ததைப் போல இருந்தது. பேஸ் குறைவதும் நல்லதாகவே போயிற்று, பேஸ் கிட்டார் வாசித்த தம்பிக்கு இடம் கிடைத்தது. அந்த வாரம் டிரைவை ஒன்பது மணிக்கு மேல் நான் ஏற்றவே இல்லை.

அதே டிஎஸ்9ஐ என் வீட்டு ஆம்ப்பில் மிட் தூக்கலாக இருக்கும்போது போட்டுப் பாருங்கள், மூக்கடைத்தவர் பேசுவது போல இருக்கும். பெடல் மாறவில்லை. மேட்டின் மேல் மேட்டை ஏற்றிவிட்டோம், அவ்வளவுதான்.

மார்ஷல் டிஎஸ்எல்40 வந்த மேடைகளில் என் மஞ்சள் பெடலுக்கு மறுபடி மரியாதை கிடைத்தது. இஎல்34 வால்வுகள் உள்ள அந்த ஆம்ப்புக்குச் சிதைவை வெளியிலிருந்து கொடுக்க வேண்டியதில்லை. ஆம்ப்பின் சிதைவைக் கூட்டும் கெயினைப் பாதியில் நிறுத்தி, எஸ்டி-1இன் டிரைவை முழுவதும் இறக்கி, வெளிவரும் சத்தத்துக்கான லெவலை முழுவதும் ஏற்றிவிட்டேன். பெடல் இப்போது சிதைவைத் தருவதில்லை, ஆம்ப்பின் முதல் வால்வை முதுகில் கைவைத்துத் தள்ளுகிறது. பேஸை அது கொஞ்சம் அறுத்து அனுப்புவதால் கீழ்க் கம்பிகளில் வாசிக்கும்போது கூழாகாமல் கட்டாக நிற்கிறது. மூன்று ஆண்டு நான் குறைசொல்லிய அதே பெடல்தான். எதிரொலி தரும் டிலே பெடலை மட்டும் இங்கே ஆம்ப்புக்கு முன்னால் வைக்கக் கூடாது. எதிரொலிகளும் சேர்ந்து சிதைந்து கலங்கிவிடும். ஆம்ப்பின் பின்புறம், சிதைவுக்குப் பிறகு ஒலியை வெளியே எடுத்துத் திரும்ப உள்ளே விடும் எஃபெக்ட்ஸ் லூப்பில் செருகினால் ஒவ்வொரு எதிரொலியும் தெளிவாக விழும்.

வாக்ஸ் ஏசி30ஐ ஒரே ஒரு முறைதான் தொட்டிருக்கிறேன், மதுரையில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில். கணீரென்ற மேல் ஒலி. அதன் கட் குமிழும் ரேட்டைப் போலத் தலைகீழ், ஏற்றினால் டிரெபிள் குறையும். பாஸ் பிடி-2 என்ற ஓவர்டிரைவ் பெடலை மிகக் குறைந்த கெயினில் வைத்தபோது நன்றாக இருந்தது. ஒரு நாள் பழக்கத்தை வைத்து அதற்கு மேல் சொல்வது நியாயமில்லை.

இனி, எங்கள் பக்கத்தில் அதிகம் நடக்கும் கதைக்கு வருகிறேன்: ஆம்ப்பே இல்லாத மேடை. கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாக ஓய்ந்துவிடும். ஓவர்டிரைவின் கரகரப்பு நம் காதுக்கு இதமாக வந்து சேர்வதற்குப் பாதிக் காரணம் அதுதான். மைக்செட்டின் ஹாரன் அப்படி எதையும் வடிகட்டாது. பெடலை மிக்சரில் நேராகச் செருகினால், அலுமினியச் சட்டியைக் கரண்டியால் சுரண்டும் ஒலி ஊரெல்லாம் கேட்கும். தேவிபட்டினம் பக்கம் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா மேடைக்கே ஏறி வந்து, "தம்பி, அந்தச் சத்தத்தை மட்டும் கொஞ்சம் நிறுத்திக்கொள்ளுங்கள்" என்று என் தோளில் கைவைத்துச் சொன்னார். அவர் சொன்னது சரி. அந்த வாரமே ஸ்பீக்கர் பெட்டியின் தன்மையைப் போலச் செய்யும் கேபினட் சிமுலேட்டர் பெடல் ஒன்றை வாங்கினேன். ஒன்பது ஆண்டில் நான் செலவழித்ததிலேயே பயனுள்ள பணம் அதுதான். இதைப் படிக்கும் தம்பி தங்கைகள் கச்சேரிகளுக்குப் போகிறவர்களாக இருந்தால், இரண்டாவது ஓவர்டிரைவ் வாங்கும் முன் இதை வாங்குங்கள். அது கையில் இல்லாத நாளில் ஓவர்டிரைவை அணைத்துவிட்டுத் தெளிவான ஒலியில் வாசித்துவிடுங்கள், கேட்பவர்கள் நன்றி சொல்வார்கள்.

இன்னொரு வேறுபாடு, திறந்தவெளி. கடற்கரை மேடையில் சுவர் இல்லாததால் பேஸ் திரும்பி வராது. பேஸ் குமிழை வீட்டில் வைக்கும் அளவை விடக் கடிகாரத்தின் ஒரு மணிக் கோடு அளவு கூட்டிவைக்க வேண்டியிருக்கிறது.

மின்சாரத்திலும் ஒரு பாடம் உண்டு. கடை ஒன்றில் அவசரமாக வாங்கிய 9 வோல்ட் அடாப்டரில் நடு முனை நேர்முனையாக இருந்தது. பெரும்பாலான பெடல்களுக்கு நடு முனை எதிர்முனையாக இருக்க வேண்டும். பார்க்காமல் செருகினேன், டிலே பெடல் மூச்சே விடவில்லை. இப்போது ஒவ்வொரு பெடலுக்கும் தனித்தனி வெளியீடு உள்ள பவர் சப்ளை வைத்திருக்கிறேன். டிஜிட்டல் டிலேயும் ஓவர்டிரைவும் ஒரே அடாப்டரைப் பகிர்ந்தபோது கேட்ட கீச்சொலி அதோடு நின்றது.

கடைசியாக உப்புக்காற்று. 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தின் இரும்பு எத்தனை வண்ணம் பூசியும் அரித்துக்கொண்டே இருந்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனாலும் அந்தக் காற்று பெடல் பெட்டிக்குள்ளும் வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டாம் ஆண்டு வாடைக்காலத்தில் ஒலி விட்டுவிட்டு வந்தது. குமிழைத் திருப்பினால் மணலில் செருப்புத் தேய்வது போன்ற ஒலி. ஒரு பெடலின் அடித்தகட்டைக் கழற்றிப் பார்த்தேன். நான்கு திருகாணிகளில் இரண்டின் தலை துருவில் கரைந்து, திருப்புளி பிடிக்கவில்லை. உள்ளே ஜாக்கின் தொடுமுனையில் பச்சை நிறத்தில் களிம்பு, பழைய பித்தளைக் குத்துவிளக்கின் அடியில் படிவதைப் போல. விசைப்படகுகளின் வயர்லெஸ் செட்டுகளைப் பழுதுபார்க்கும் அண்ணன் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் பஞ்சு சுற்றிய குச்சியை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, அந்தப் பச்சையை மெல்ல மெல்லத் துடைத்து எடுத்தார். குமிழின் அடியில் காண்டாக்ட் கிளீனரை ஒரு துளி அடித்து, இருபது முப்பது முறை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். திருகாணிகளை எல்லாம் துருப்பிடிக்காத எஃகுக்கு மாற்றினார். காசு வாங்கவில்லை. "கடலுக்குப் போகிற பொருள் எல்லாவற்றையும் மூடிவைக்க வேண்டும், தம்பி" என்றார்.

அன்று முதல் பெடல்கள் ரப்பர் விளிம்பு வைத்து மூடும் பெட்டியில்தான் இருக்கின்றன; உள்ளே ஐந்தாறு சிலிக்கா ஜெல் பொட்டலங்கள். பேட்டரியை எந்தப் பெடலிலும் விட்டுவைப்பதில்லை, கசிந்தால் களிம்பை விட மோசம். கச்சேரி முடிந்த இரவே கேபிள் முனைகளை உலர்ந்த துணியால் துடைத்துவிடுகிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லா ஜாக்குகளுக்கும் ஆல்கஹால் குளியல். ஏழு ஆண்டாக ஒரு குமிழும் கரகரக்கவில்லை.

இன்று என் பெட்டியில் இருப்பவை எஸ்டி-1, டிஎஸ்9, ரேட், ஒரு டிலே, கேபினட் சிமுலேட்டர். பிடி-2ஐ விற்றுவிட்டேன், என் பக்கத்து மேடைகளுக்கு வாக்ஸ் வருவதில்லை. கச்சேரிக்கு அழைப்பு வந்ததும் மைக்செட்காரருக்கு முதலில் போன் செய்து என்ன ஆம்ப் என்று கேட்டுவிடுகிறேன். அடுத்த வாரம் தொண்டியில் நிகழ்ச்சி, ஜாஸ் கோரஸ்தான் வருகிறது என்றார். ரேட்டின் ஃபில்டரை இப்போதே இரண்டு மணிக்குத் திருப்பிவைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலங்களை மாடியில் வெயிலில் பரப்பியிருக்கிறேன்.